மட்டாஞ்சேரியில் நாலு கறுத்த ப்ளக்: கார் கொண்டுவரப் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கார் எடுக்க வெளியூர் போகிறவர்களுக்காக எழுதும் பதிவு இது. கொச்சியில் எங்கே நல்ல மீன் சாப்பாடு, எந்தக் கரையில் நின்றால் சூரியன் அழகாக இறங்கும் என்று தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். அதற்கெல்லாம் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள்.

நான் கோவையில் பல் மருத்துவர். வார நாட்களில் மற்றவர்கள் வாயைத் திறந்து பார்ப்பது பிழைப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்களின் பானெட்டைத் திறந்து பார்ப்பது பைத்தியம். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தப் பைத்தியத்தின் அளவு தெரியும். அப்படிப்பட்டவளுக்கு ஜனவரி மாதத் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் கபீர். என் தோழி ருக்கியாவின் கணவருடைய தம்பி.

ருக்கியாவும் நானும் பாலக்காட்டில் படிக்கும்போது விடுதியில் ஒரே அறை. அவள் கல்யாணமாகி மட்டாஞ்சேரி கொச்சங்காடிக்குப் போனாள். கணவர் நாசருக்குச் சுக்கு வியாபாரம். பேச்சும் சிரிப்புமாக இருந்த மனிதர், இரண்டு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். குடோனையும் வியாபாரத்தையும் இப்போது கபீர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"டாக்டரக்கா, இக்காவோட காரு குடோனுக்குள்ள ரெண்டு வருஷமா அப்படியே நிக்குது. சரக்கு வெக்க எடமில்ல. வெளியாளுக்குக் கொடுத்தா பொளந்து வித்துருவான், அது மைனிக்கு சங்கடமாவும். நீங்க கொண்டு போயிருங்க. உங்க கையிலன்னா அது ஓடும், கேட்டீங்களா?" என்றார். இக்கா என்றால் அண்ணன் நாசர், மைனி என்றால் அண்ணி ருக்கியா.

அது என்ன கார் என்று பெயரைச் சொன்னால் கீழே கமெண்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவீர்கள். வெள்ளை நிறம், நாலு சிலிண்டர் பெட்ரோல், கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில், டாஷ்போர்டுக்குக் கீழே இழுக்கிற சோக். இவ்வளவு போதும். நாசர் அதை ஓட்டிக்கொண்டு ஒருமுறை கோவை வந்தபோது, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அதையேதான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ருக்கியாவிடம் கேட்டீர்களா என்று கபீரிடம் கேட்டேன். "மைனி ஒண்ணும் சொல்லல" என்றார். ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதானே நம் வழக்கம். நானும் எடுத்துக்கொண்டேன். அந்த வாரமே போர்ட்டிகோவைக் காலி செய்து, காருக்கு மூடுதுணியும் வாங்கி வைத்துவிட்டேன். ஆசை யாரை விட்டது!

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரை மணி ரயிலில் கோவையில் ஏறி, பத்தே முக்காலுக்கு எர்ணாகுளம் சவுத்தில் இறங்கினேன். ஒருவழி டிக்கெட்தான். திரும்பி வரும்போது நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரை அந்தக் காரிலேயே ஓட்டி வருவதாகத் திட்டம். பையில் ப்ளக் ஸ்பேனர், கம்பி பிரஷ், ப்ளக் நுனியின் இடைவெளி பார்க்கும் தகடுகள், இரண்டு பழைய வேட்டித் துணி. ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு. சாலை வழியாகவும் போகலாம், தோப்பும்படி சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும். சனிக்கிழமை நெரிசலில் படகுதான் நல்லது. காற்றும் வரும், ஆட்டோக்காரரோடு வாக்குவாதமும் மிச்சம்.

துறையில் இறங்கி கொச்சங்காடிக்கு நடந்தேன். சுக்கும் மிளகும் கலந்த வாசனை தெருத்தெருவாக மாறும். ஜலதோஷக்காரர்கள் இந்தத் தெருக்களில் நடந்தாலே பாதி குணமாகலாம், டாக்டர் என்ற முறையில் சொல்கிறேன். ருக்கியா வாசலிலேயே நின்றாள். கட்டிக்கொண்டாள். "மெலிஞ்சுட்டியே" என்றாள், நான் மெலியவில்லை. சாயாவும் பழம்பொரியும் வந்தன. கோவை விஷயம் எல்லாம் கேட்டாள். கார் விஷயம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாசரின் நினைவு, பேசக் கஷ்டமாக இருக்கும் என்று நானும் தொடவில்லை.

வீட்டுக்குப் பின்னாலேயே குடோன். கபீர் குடியிருப்பது சில தெரு தள்ளி, காலை ஒன்பதுக்குத்தான் குடோனுக்கு வருவார். கார் உள்ளே, கடைசியில் நின்றது. அதன் மூக்கை ஒட்டிக் கூரைவரை சுக்கு மூட்டைகள். மூட்டையை அவரவர் நகர்த்திவிட முடியாது, சுமட்டுத் தொழிலாளிகள், அதாவது சுமை தூக்குகிறவர்கள், வரவேண்டும், அவர்கள் சாயா குடித்துவிட்டுத்தான் வருவார்கள். அது அந்த ஊர் முறை. அவர்கள் வந்து மூட்டைகளை ஒதுக்கியதும், கதவைத் திறந்து வெளிச்சம் விட்டு, நான் பானெட்டைத் தூக்கினேன்.

கபீர் ஒரு மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தார். வில்சன், தோப்பும்படி மீன்பிடி துறைமுகத்தில் வள்ளங்களின் இன்ஜின் பார்க்கிறவர். குமரி மாவட்டத்துப் படகுக்காரர்களோடு பழகிப் பழகி நல்ல தமிழ் பேசினார். அவர் சாவியைத் திருப்பினார். இரண்டு வருடம் சும்மா நின்ற காரின் பேட்டரி செத்துத்தான் கிடக்க வேண்டும். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் தெம்பாகச் சுற்றியது. இன்ஜினும் பிடித்தது. பிடித்து, குலுங்கி, ஒரு சிலிண்டர் அடிக்க ஒரு சிலிண்டர் விட, இருமல்காரன் சிரிப்பது போல நடுங்கி நின்றுவிட்டது. பின்னால் குப்பென்று புகை.

வில்சன் முதல் ப்ளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நுனி கன்னங்கரேலென்று, ஈரமாகப் பளபளத்தது.

"ரிங் போயி, சேச்சி. ஆயில் மேலே வருது. வள்ளத்துல இப்படி ப்ளக் கண்டா நாங்க வேற ஒண்ணும் நோக்க மாட்டோம். இன்ஜின் எறக்கணும்" என்றார்.

வண்டி பழகாதவர்களுக்காக ஒரு விளக்கம். ப்ளக் என்பது இன்ஜினுக்குள் போய் வந்த சாட்சி. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எரிவது சரி. காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து கீழேயிருக்கும் ஆயில் மேலே வருகிறது என்று அர்த்தம். முன்னது ப்ளக்கைத் துடைத்தால் தீர்ந்துபோகும் விஷயம். பின்னது இன்ஜினைப் பிரித்து, லேத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் அலைகிற விஷயம்.

கபீர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "அப்ப சரி. இன்ஜின் வேலன்னா இங்க யாரு செய்யப் போறா? கோயம்புத்தூர்ல லேத்துக்குப் பஞ்சமில்ல. டாக்டரக்காதான் இதுக்குச் சரி. வண்டியில ஏத்தி அனுப்பிரலாம்" என்றார்.

அப்போதுதான் ருக்கியாவைப் பார்த்தேன். கதவோரம் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேர்வு முடிவு ஒட்டிய பலகையில் தன் எண்ணைத் தேடுகிறவள் மாதிரி அந்த ப்ளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. பேட்டரிக்கு உயிர் எப்படி வந்தது? டாங்க் மூடியைத் திறந்து மோந்தேன். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். இது புதுப் பெட்ரோல்.

"இதை யாராவது ஸ்டார்ட் பண்றீங்களா?" என்றேன்.

"எங்க! ரெண்டு வருஷமா யாரும் தொடல" என்றார் கபீர்.

"நான்தான்" என்றாள் ருக்கியா.

எல்லோரும் திரும்பினோம்.

"தெனமும் விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெப்பேன். அவரு சொல்லுவாரு, நிறுத்திப் போட்டா இன்ஜின் புடிச்சுக்கும்னு. ஆட்டோக்கார தம்பிட்ட சொல்லி பெட்ரோல் வாங்கி வெப்பேன்."

கபீர் திகைத்துப்போனார். "மைனி, அந்த நேரத்துல குடோனுக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா? அந்தச் சத்தம் கேட்டா அவரு வெளிய கெளம்பற மாதிரி இருக்கும். மொதல்ல அதுக்குத்தான். அப்புறம் எனக்கே புடிச்சுப் போச்சு" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து பானெட் விளிம்பில் வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். மூன்று மாதம் முன்பு எடுத்தது.

பள்ளுருத்தியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறாள். காலையில் இங்கே வந்து, நின்ற காரிலேயே கிளட்சை மிதித்து நாலு கியரையும் மாற்றிப் பழகியிருக்கிறாள். முன்னால் மூட்டை, பின்னால் சுவர். ஓர் அடி நகர வழியில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மைனி" என்றார் கபீர். குரலில் கோபமில்லை, வலி இருந்தது.

"நீ கேட்டியா? காரு கொடுக்கட்டுமான்னா கேட்ட? கொடுத்தாச்சுன்னுதான் வந்து சொன்ன. கொடுத்தாச்சுன்னா அதுக்கு எந்தா பதில் சொல்றது?"

கபீர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சுருக்கென்றது. கேட்காதவர்கள் பட்டியலில் நானும்தான் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "இன்ஜின் போச்சுன்னா நீ கொண்டு போ. என்னால அத வெச்சுக் கட்டிக்க முடியாது. போகலன்னா வுட்டுரு" என்றாள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கார் யாருக்கு என்பதை அந்த ப்ளக்கின் ஈரம் சொல்ல வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் ஏற்கெனவே ரிங் என்று சொல்லிவிட்டார். இன்னொருத்தி வீட்டில் மூடுதுணி வாங்கி வைத்திருக்கிறாள்.

"எப்படி ஸ்டார்ட் பண்ணுவே, செஞ்சு காட்டு" என்றேன்.

ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள், பிஸ்மி சொன்னாள். சோக்கை முழுக்க வெளியே இழுத்தாள்.

"இத எப்பத் திரும்பத் தள்ளுவே?"

"தள்ளணுமா?" என்றாள். "அவரு இழுக்கறதப் பாத்திருக்கேன். ஸ்கூல் வண்டியில இது கெடையாது."

வில்சனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். சோக் என்பது குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதற்காகக் காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் உள்ளே தள்ளிவிட வேண்டும். இவள் பத்து நிமிடமும் முழுச் சோக்கில், ஓர் அடிகூட ஓட்டாமல், மாதக்கணக்கில் அந்த இன்ஜினுக்கு ஊட்டி ஊட்டியே வளர்த்திருக்கிறாள். பிள்ளைக்கு அஜீரணம் வராமல் என்ன செய்யும்?

"அப்ப இது பெட்ரோல் ஈரமாகவும் இருக்கலாம்" என்றேன். வில்சன் மோந்து பார்த்தார். "ரெண்டும் மணக்குது சேச்சி" என்றார். உண்மைதான், எனக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாலு ப்ளக்கையும் கழற்றினோம். நாலும் ஒரே மாதிரி கறுத்திருந்தன. ஒன்றோ இரண்டோ மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரில் குறை. நாலும் சமமாகக் கறுத்தால் பெரும்பாலும் ஊட்டுவதில்தான் குறை. பெரும்பாலும்தான், நிச்சயமில்லை. பழைய மலையாளப் பேப்பர் ஒன்றை விரித்து நாலு நுனிகளையும் அழுத்தி எடுத்தேன். நாலு ஈர வட்டங்கள், நடுவில் கரி. வடை வைத்த பேப்பரைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள், எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகி அப்படியே நிற்கும். பெட்ரோலாக இருந்தால் காற்றில் போய்விடும். இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வது.

பேப்பரை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் நின்றோம். மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் நான் வில்சன் சொன்னதே சரியாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ரிங் போயிருக்கட்டும், கார் எனக்கு வரட்டும், யார்மேலும் தப்பில்லாமல் வரட்டும். பக்கத்தில் ருக்கியா மூச்சு விடுவது கேட்டது.

வட்டங்கள் ஓரத்திலிருந்து சுருங்கின. முதலாவது போயிற்று. மூன்றாவதும் நாலாவதும் போயின. இரண்டாவது மட்டும் இம்சை செய்தது, பிறகு அதுவும் போயிற்று. பேப்பரில் விரலால் தடவினால் வரும் காய்ந்த கரி மட்டுமே மிஞ்சியது.

"பெட்ரோல்தான்" என்றேன். சொல்லும்போது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வில்சன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, அதுவும் நியாயம். "பேப்பர் சொன்னா போதாது சேச்சி. ப்ளக்கைத் தொடச்சுப் போட்டு, சோக்கை உள்ள தள்ளி, ஒரு இருபது கிலோமீட்டர் நல்லா ஓட்டிட்டு வாங்க. திரும்பக் கழட்டி நோக்கலாம். ஆயில்னா மறுபடி நனஞ்சிருக்கும். அப்ப நான் சொன்னது சரி" என்றார். அவர் சொன்னதுதான் உண்மையான பரிசோதனை. கம்பி பிரஷால் தேய்த்து, பெட்ரோலில் அலசி, வெயிலில் காயவைத்து, இடைவெளி பார்த்து நாலையும் மாட்டினோம். டயர்களுக்குக் காற்று, பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில் எல்லாம் அவரே பார்த்தார். இன்சூரன்ஸும் ஆர்சி புதுப்பித்ததும் நடப்பில் இருந்தன. கடைவண்டிகளோடு சேர்த்துக் கபீர் கட்டிவந்திருக்கிறார். காரை ஒதுக்க நினைத்தவர், கணக்காகக் கட்டியும் வந்திருக்கிறார். மனிதர்கள் அப்படித்தான்.

பிற்பகல் மூன்றரைக்குக் கிளம்பினோம். ஓட்டியது ருக்கியா. பக்கத்தில் நான். கொச்சங்காடிச் சந்துகளில் எதிரே வந்த சரக்கு ஆட்டோ ஒன்று அவளைப் பார்த்துத் தானாகவே பின்னால் போனது. ஒரு திருப்பத்தில் நிறுத்திவிட்டாள், பின்னால் ஹாரன் மழை. "அடிக்கட்டும்" என்று நிதானமாக மறுபடி ஸ்டார்ட் செய்தாள். தோப்பும்படி வரை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பாலம் ஏறி வெலிங்டன் தீவுக்குள் நுழைந்ததும் சாலை அகன்றது, மரநிழல், வண்டி குறைவு. மூன்றாவது கியரிலிருந்து நாலாவதற்குப் போட்டாள். முதலில் திணறிக்கொண்டிருந்த இன்ஜின் மெல்ல மெல்லத் தொண்டை தெளிந்தது. ஒரு கட்டத்தில் நாலு சிலிண்டரும் சேர்ந்து ஒரே சீராக ஓட ஆரம்பித்ததை இருவருமே கேட்டோம்.

"இந்தச் சத்தம் இதுவரைக்கும் வந்ததே இல்ல" என்றாள். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள், நான் அலறினேன், உடனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

தீவைச் சுற்றிச் சுற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பினோம். வில்சனும் கபீரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கொஞ்சம் ஆறவிட்டு வில்சன் முதல் ப்ளக்கைக் கழற்றினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்னிடம் தராமல் நேராக ருக்கியாவிடம் கொடுத்தார். நுனி காய்ந்து, விளிம்பில் கொஞ்சம் பழைய கரியோடு, நடுவில் கடுஞ்சாயாவில் முக்கிய பிஸ்கட் நிறத்தில் இருந்தது.

"ரிங் நல்லாத்தான் இருக்கு சேச்சி. ஓட்டுங்க" என்றார்.

கபீர் உள்ளே போய், சுமட்டுக்காரர்களிடம் மூட்டைகளை இடதுபக்கச் சுவரோரம் அடுக்கச் சொன்னார். "இந்த வழியில இனி சரக்கு வெக்கக் கூடாது, மைனி வண்டி போக வரணும்" என்று அவர் சொன்னது வெளியே எங்களுக்குக் கேட்டது. ருக்கியா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பயணத்திலிருந்து சொல்ல முடிந்தவை. ப்ளக்கை ஒன்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வையுங்கள். கறுப்பு என்றதும் பயப்பட வேண்டாம், காய்ந்த கறுப்பா, பெட்ரோல் ஈரமா, எண்ணெயா என்று பேப்பரில் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் துடைத்து மாட்டி, ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். புகையையும் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி, நீலம் என்றால் ஆயில். அடைத்த இடத்தில் இன்ஜினை ஓடவிடவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். ருக்கியா கதவை முழுக்கத் திறந்து வைத்துத்தான் செய்தாளாம், அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தினமும் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது காருக்குச் செய்யும் உபகாரம் இல்லை. வாரம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினால்தான் கரி எரியும். அதற்கெல்லாம் முன்னால், அந்தக் கார் இருக்கும் வீட்டில் இருக்கிற எல்லோரையும் கேளுங்கள். ஒன்றும் சொல்லாதவரை இரண்டு தடவை கேளுங்கள்.

கார் இல்லாமல் திரும்பியது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். காலியான போர்ட்டிகோவைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. மூடுதுணியை ருக்கியாவுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். அங்கே மேலேயெல்லாம் சுக்குத் தூசி.

மட்டாஞ்சேரியிலிருந்து சவுத் ஸ்டேஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கேட்பார்கள் என்றார் கபீர். எனக்கு அந்தச் செலவு இல்லை. ருக்கியாவே கொண்டுவந்து விட்டாள். கொச்சங்காடியில் கிளம்பும்போது இன்ஜின் குளிர்ந்திருந்தது, சோக்கை இழுத்தாள். நான் ரயிலைப் பற்றியும், அவளைப் பற்றியும், அந்தக் காரைப் பற்றியும் யோசித்துக்கொண்டு வந்ததில் பாலம் தாண்டியதே தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் பின்னால் நாலு ஆட்டோக்கள் கத்த, இறங்கப் போகும்போதுதான் திடீரென்று நினைவு வந்து, "ஏய், சோக்கைத் தள்ளினியா?" என்று பதறினேன்.

"அதெல்லாம் வீட்டு வாசல்லியே தள்ளியாச்சு. நீ எறங்கு, பின்னாடி வண்டி நிக்குது" என்றாள்.